ரூன்ஸ்கேப்பில் கடல் திறந்தாச்சு: மறுபடி மெம்பர்ஷிப் போடலாமா?

தொண்டி_தென்னை:

வணக்கம் மக்களே. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்கிற ஆன்லைன் விளையாட்டில் 2025 நவம்பர் 19 அன்று செய்லிங், அதாவது படகு ஓட்டுகிற ஸ்கில், வந்துவிட்டது. 2013இல் இந்த விளையாட்டு தொடங்கியதிலிருந்து புதிதாகச் சேர்த்த ஒரே ஸ்கில் (பழகப் பழக லெவல் ஏறுகிற திறன்) இதுதான். ஏற்கெனவே இருந்தது 23, இது 24ஆவது. நான் காலேஜ் படிக்கும்போது ராப்பகலாக இதிலேயே கிடந்தவன். வேலை, கல்யாணம் என்று ஆனபிறகு விட்டாச்சு. இப்போது பழைய கூட்டாளிகள் "வாடா மாப்ள, கடலுக்குப் போவோம்" என்று பிடித்து இழுக்கிறார்கள்.

செய்லிங் மெம்பர்களுக்கு மட்டும்தான் என்பதால் காசு கட்டாமல் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. அதனால்தான் முதலில் இங்கே கேட்கிறேன். வீடியோக்களில் எல்லாரும் மேல் லெவலில் பெரிய கப்பலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஆரம்பம் எப்படி இருக்கும் என்பது. சும்மா திரையைத் தட்டிக்கொண்டே இருக்கிற வேலையா, இல்லை கடலில் போகிற உணர்வு கொஞ்சமாவது வருகிறதா? நம்ம கடற்கரை ஆட்கள் யாராவது விளையாடியிருந்தால் சொல்லுங்கள். கடல் தெரிந்தவன் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை. நான் போனில்தான் விளையாடுவேன், அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பாம்பன்_வள்ளம்:

அண்ணே, நான் பாம்பன். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். படிக்கிற காலத்தில் லீவு விட்டால் நானும் கூடப் போவேன். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தபோதுதான் இதை உட்கார்ந்து விளையாடினேன். அதனால் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். விளையாட்டில் போர்ட் சாரிம் துறைமுகத்தில் 30 காசு கொடுத்து கரம்ஜா தீவுக்குக் கப்பல் ஏறுவோமே, ஞாபகம் இருக்கிறதா? திரை மாறும், கரம்ஜாவில் நிற்போம். நடுவில் கடல் என்று ஒன்று இருந்ததே கிடையாது. மேப்பில் நீலம் பூசி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இப்போது அந்த நீலத்துக்குள் நாமே போகிறோம். கரை பின்னால் சிறுத்துப் போகிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் ஒரு தீவு ஓரம் தலைகாட்டுகிறது. நான் பல வருஷம் விளையாடிய மேப் இது. அதில் எனக்குத் தெரியாத இடம் இவ்வளவு மிச்சம் இருந்ததா என்று ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் கிடைப்பது ஒரு தெப்பம், அவர்கள் ராஃப்ட் என்கிறார்கள். போர்ட் சாரிம் படகுத்துறையில் வில், ஆன் என்று இரண்டு பேர் நிற்பார்கள். அவர்களிடம் பேசினால் பாண்டமோனியம் என்கிற குவெஸ்ட், அதாவது கதையோடு வருகிற வேலை, தொடங்கும், அதிலேயே படகு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். திசையைத் தொட்டதும் படகு நின்ற இடத்திலேயே திரும்பிவிடாது. வளைந்து வட்டம் அடித்துத்தான் வரும். துறைக்குள் அணைக்கும்போது அந்த வளைவுக்கு இடம் விட்டு முன்கூட்டியே திருப்ப வேண்டும். சுக்கான் பிடித்தவன் கைக்கு அது பழகின விஷயம். அந்த இடத்தில் எனக்கு மனசு நிறைந்தது.

குறை என்னவென்றால் காற்று. பாய் தளர்ந்ததும் அதைத் தட்டிச் சரி செய்தால் வேகம் கூடும், லெவலை ஏற்றுகிற எக்ஸ்பி புள்ளிகளும் வரும். ஆனால் காற்று எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் படகுக்கு ஒன்றுதான். எதிர்காற்றில் நேராக ஏறிப் போகலாம். நம்ம ஊரில் வாடை அடிக்கத் தொடங்கினால் வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கும். வள்ளங்களைப் பாலத்துக்கு அடியில் விட்டு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவோம். கச்சான் காற்று வந்தால் திரும்ப இந்தப் பக்கம். வருஷம் முழுக்க எங்கள் பிழைப்பை நடத்துவதே காற்றுதான். பாய் கட்டி ஓட்டுகிற விளையாட்டில் அது இல்லாதது எனக்குப் பெரிய குறை. இதை விளையாட்டை நடத்துகிற கம்பெனிக்கு எழுதியும் கேட்கப் போகிறேன்.

ஆனால் நீரோட்டத்தை ஒரு இடத்தில் அருமையாகப் பிடித்திருக்கிறார்கள். கடலை அளந்து வரைபடம் போடுகிற வேலை ஒன்று உண்டு, சார்ட்டிங் என்று பெயர். செய்லிங் 22 லெவலில் கரண்ட் அஃபேர்ஸ் என்று ஒரு குவெஸ்ட் வரும். அதை முடித்தால் கையில் ஒரு வாத்துப் பொம்மை கிடைக்கும். குறிப்பிட்ட இடத்தில் அதைத் தண்ணீரில் விட வேண்டும். அது நீரோட்டத்தோடு போகும், நாம் படகைப் பின்னாலேயே விட வேண்டும். எங்கே போய் நிற்கிறதோ அதுவரைக்கும் ஓட்டத்தைக் குறித்தாச்சு. பார்க்க விளையாட்டுத்தனமாகத் தெரியும். எங்க அப்பா வலை விடுவதற்கு முன்னால் மிதவையைத் தண்ணீரில் போட்டு, கயிற்றை லேசாக விட்டுக்கொண்டே அது எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அதைப் பார்த்த பிறகுதான் வலை எந்தப் பக்கம் இறங்கும் என்பது முடிவாகும். அந்தப் பொறுமையை இந்த வாத்து கேட்கிறது. முந்திப் போய்ப் பிரயோஜனம் இல்லை, அதன் போக்குக்குத்தான் போக வேண்டும். மொத்த அப்டேட்டிலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கடலில் எல்லை கிடையாது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், போனவன் திரும்பி வருவான். பாக் நீரிணையில் பிறந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

காசு கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம் அண்ணே.

கீழக்கரை_மரக்கலம்:

பாம்பன் தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி. காற்று விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த விளையாட்டில் ஆட்கள் ஓட்டுப் போட்டால்தான் புதுசாக ஒன்று உள்ளே வரும். 2014இல் ஆர்ட்டிசன் என்று ஒரு ஸ்கில் கொண்டுவரப் பார்த்தார்கள், தோற்றது. 2019இல் வார்டிங், அதுவும் தோற்றது. 2023இல் டேமிங், ஷாமனிசம், செய்லிங் என்று மூன்றை முன்னால் வைத்தார்கள், அதில் செய்லிங் தேறியது. அப்போதுகூட "படகு ஓட்டுவதெல்லாம் ஒரு ஸ்கில்லா" என்று பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு, எதிர்காற்றில் கோணலாக ஏறிக்கொண்டே போ, போய்ச் சேர இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்றால் ஒருத்தன் இருப்பானா? எங்க ஊர்ப் பெரியவர்கள் பாய்க்கப்பலில் கொழும்புக்குப் போன கதையெல்லாம் நானும் கேட்டு வளர்ந்தவன்தான். காற்று தோதாக வரும்வரை துறையிலேயே கிடந்ததும் அந்தக் கதைகளில் உண்டு. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறவனை அப்படிக் காத்திருக்கச் சொல்வது நியாயம் இல்லை.

எனக்கு அலுப்புத் தட்டியது சரக்கு ஏற்றி இறக்குகிற டாஸ்க்கில். ஒரு துறையில் பெட்டியை எடு, இன்னொரு துறையில் இறக்கு. தாழ்ந்த லெவலில் இதுதான் பெரும்பாடு. ஒரு வழி சொல்கிறேன்: ஒரு டாஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். போகிற துறைக்குச் சரக்கு, வழியில் இருக்கிற துறைக்குச் சரக்கு என்று பார்த்து எடுங்கள். இறக்கிய இடத்திலும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து திரும்புகிற வழிக்கு ஏதாவது இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். வெறும் படகாகத் திரும்பினால் நேரம் முழுக்க நஷ்டம். 15 லெவல் வந்தால் ஸ்கிஃப் என்கிற அடுத்த படகு கிடைக்கும், மூழ்கிக் கிடக்கிற சின்னக் கப்பல்களைக் கிளறிப் பொருள் எடுக்கவும் தொடங்கலாம். அலுப்பு அங்கே தீரும். 50 லெவலில் ஸ்லூப் என்கிற பெரிய கப்பல். அதற்கு அவசரமே இல்லை.

தொண்டிக்காரரே, பழைய கணக்கில் தங்கம் சேர்த்து வைத்திருந்தால் கையிலிருந்து காசு போட வேண்டாம். விளையாட்டுக்குள் இருக்கிற கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையில் அந்தத் தங்கத்துக்கு பாண்ட் என்கிற சீட்டு ஒன்று வாங்கினால் 14 நாள் மெம்பர்ஷிப். முதலில் அதை வைத்துப் பாருங்கள்.

மண்டபம்_அலை:

போனைப் பற்றி நான் சொல்கிறேன், முழுக்கப் போனில்தான் விளையாடுகிறேன். 2018இல் மொபைலுக்கு வந்ததிலிருந்து அதே கணக்குதான்.

டேட்டா கொஞ்சம்தான் செலவாகும், பழைய போனிலும் ஓடும். கேமராவை நன்றாக மேலே ஏற்றித் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் வைத்தால் படகே திரையை அடைத்துவிடும், முன்னால் இருக்கிற பாறை தெரியாது. பாயைத் தட்டுவதுதான் சிரமம். சின்ன இடம், படகு திரும்பிக்கொண்டிருக்கும்போது விரல் தண்ணீரில் பட்டு படகு வேறு பக்கம் போய்விடும். படகு நேராக ஓடும்போது மட்டும் தட்டுங்கள். எக்ஸ்பி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

30 லெவலில் பாரகுடா ட்ரையல் என்று நேரம் வைத்து ஓட்டுகிற பந்தயம் தொடங்கும். அதைப் போனில் செய்யும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மட்டும் யாருடைய கம்ப்யூட்டரிலாவது உட்கார்ந்து செய்யுங்கள்.

பாம்பன் அண்ணா, நீங்கள் மேலே போனால் ஆழ்கடல் மீன்பிடி வருகிறது. மீன் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், படகும் கூடவே போக வேண்டும். கூட்டம் ஆழத்துக்கு இறங்கினால் வலையையும் இறக்க வேண்டும், மேலே வந்தால் ஏற்ற வேண்டும். என் தம்பி அதை விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காற்றுக்காக வருத்தப்படுகிற உங்களுக்கு அது பிடிக்கும்.

தொண்டி_தென்னை:

எல்லாருக்கும் நன்றி. பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன், பாண்டுக்குத் தேவையான தங்கம் இருக்கிறது. இன்று ராத்திரியே வாங்கிவிடுகிறேன்.

பாம்பன் தம்பி, ஒரே ஒரு சந்தேகம். வாத்து விடுகிற வேலைக்கு 22 லெவல் என்றாய். அதுவரை சரக்கு மட்டும்தானா, சார்ட்டிங் முன்னாலேயே தொடங்கலாமா?

பாம்பன்_வள்ளம்:

முதலிலிருந்தே தொடங்கலாம் அண்ணே. ஸ்பைகிளாஸ் என்கிற தூரநோக்கியை வைத்துத் தூரத்தில் பார்த்துக் குறிக்கிற இடங்கள் எல்லாம் வழியிலேயே கிடக்கும், சரக்கு ஏற்றிப் போகும்போதே முடித்துக்கொண்டு போங்கள். 12 லெவலில் பிரையிங் டைம்ஸ் குவெஸ்ட் செய்தால் கடப்பாறை கிடைக்கும், மிதக்கிற பெட்டிகளை அதை வைத்துத் திறக்கலாம். கொந்தளிப்பாக இருக்கிற கடல் பகுதிக்குள் மட்டும் தெப்பத்தை விடாதீர்கள், அடி வாங்கும். படகைச் சரிபார்க்கிற ரிப்பேர் கிட் எப்போதும் கூட இருக்கட்டும்.

கீழக்கரை காக்கா, காற்று விஷயத்தை நான் விடுவதாக இல்லை. கட்டாயம் ஆக்க வேண்டாம், வேண்டியவர்கள் மட்டும் போட்டுக்கொள்கிற மாதிரி வைக்கலாம் இல்லையா? பின்காற்றில் போகிறவனுக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் கொடுத்தால் போதும். எதிர்காற்றில் யாரையும் தண்டிக்க வேண்டாம். இதைத்தான் எழுதி அனுப்பப் போகிறேன். அனுப்புவதற்கு முன்னால் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கீழக்கரை_மரக்கலம்:

அப்படி என்றால் எனக்குச் சம்மதம் தம்பி. எழுதிப் போடு, என் ஓட்டும் அதற்குத்தான்.