தாத்தாவின் பழைய கால்குலேட்டர்: 8-இல் 3 போனால் மைனஸ் 5 என்கிறது, பழுதா?

பெரியாற்றங்கரை (குமுளி)

எல்லோருக்கும் வணக்கம். என் தாத்தா வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் அவருடைய கால்குலேட்டர் கிடைத்தது. 1973-இல் பாட்டியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். செக்ரோல் (தொழிலாளர் கூலிக் கணக்கு ஏடு) கூட்டுவதற்கு அதைத்தான் வைத்திருந்தார் என்று பாட்டி சொல்கிறார்.

மேசையில் வைக்கும் வகை. பேட்டரி கிடையாது, நேரடி மின்சாரம்தான். பின்னால் 240 வோல்ட் என்று இருக்கிறது. முன்னால் இருந்த பெயர்ப்பட்டை விழுந்துவிட்டது. கண்ணாடிக்குள் ஒன்பது சின்னச் சின்னக் குழாய்கள், நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சம். அவசரப்பட்டுப் பிளக்கைச் சொருகிவிட்டேன், நல்லவேளை எரிந்தது. ஆனால் கணக்கு சரியில்லை.

கூட்டல் ஒழுங்காக வருகிறது. 8-இலிருந்து 3-ஐக் கழித்தால் 5-க்கு முன்னால் மைனஸ் குறி வருகிறது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் வெறும் 3. 9-ஐ 0-ஆல் வகுத்துப் பார்த்தேன், எண்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. போதாததற்கு வெளிச்சம் மங்கல். 7-ஐ ஒருமுறை அழுத்தினால் சில நேரம் 77 என்று விழுகிறது.

ஒரு கடையில் காட்டினேன். சிப் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். விற்கிற எண்ணம் இல்லை. தாத்தா கை வைத்த பொருள், அது வேலை செய்து பார்க்க வேண்டும். வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழையரேடியோ (கம்பம்)

முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், அம்மா. இத்தனை வருடம் சும்மா கிடந்த சாதனத்தை நேராக மின்சாரத்தில் போடக்கூடாது. எலக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு தெரியுமா? 40 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் கரண்ட் உள்ளே போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், சாதனம் தப்பித்துக்கொள்ளும். இனி அதன் வழியாகவே போடுங்கள்.

சிப் போய்விட்டது என்பதை நான் நம்பவில்லை. சிப் போயிருந்தால் கூட்டல் சரியாக வராது. கழித்தலுக்கு எந்தெந்த விசையை எந்த வரிசையில் அழுத்தினீர்கள்? தனியாக சமக்குறி விசை இருக்கிறதா?

பெரியாற்றங்கரை

தனியாக இல்லை, சார். வெள்ளையில் ஒன்று (+=), சிவப்பில் ஒன்று (−=). நான் 8, சிவப்பு, 3, வெள்ளை என்று அழுத்தினேன்.

ஓய்வுபெற்ற கணக்கர் (செங்கோட்டை)

அப்படியென்றால் இயந்திரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் 8-ஐக் கழித்துவிட்டு 3-ஐக் கூட்டியிருக்கிறீர்கள். மைனஸ் 8-உடன் 3-ஐக் கூட்டினால் மைனஸ் 5.

8, வெள்ளை, 3, சிவப்பு. இப்படி அழுத்திப் பாருங்கள், 5 வரும்.

அந்தக் காலத்து அலுவலகக் கால்குலேட்டர்கள் பலவும் இப்படித்தான். அதற்கு முன்னால் இருந்த கூட்டல் இயந்திரங்களில் முதலில் தொகையைப் பதிவோம், பிறகுதான் அது வரவா கழிவா என்று சொல்லும் விசையை அழுத்துவோம். அந்தப் பழக்கத்தில் இருந்த கணக்கர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. 1969-இல் வந்த ஷார்ப் கியூடி-8டி-யில் பெருக்கலும் வகுத்தலும்கூட ஒரே விசைதான். அதன் பின் வெள்ளையை அழுத்துகிறோமா சிவப்பை அழுத்துகிறோமா என்பதை வைத்துப் பெருக்கும் அல்லது வகுக்கும்.

நம் வாயில் வருகிற வரிசையும் அதுதானே. "எட்டைக் கூட்டு, மூன்றைக் கழி" என்கிறோம். எண் முன்னால், செயல் பின்னால். செக்ரோலில் ஓர் ஆளுக்குக் கூலி, அதில் பிடித்த முன்பணம், அரிசிக்காசு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தொகையையும் போட்டுப் பக்கத்திலேயே வெள்ளை அல்லது சிவப்பு. கண்ணை ஏட்டிலிருந்து எடுக்காமல் ஒரு பக்கம் முழுக்க ஓட்டிவிடலாம். இன்றைய கால்குலேட்டரில் அந்த வேகம் எனக்கு வந்ததே இல்லை.

7-க்கு 3 வந்ததற்கும் காரணம் இருக்கும். மேலே ஓரத்தில் 0, 2, 4 என்று ஏதாவது நகர்த்தும் சுவிட்ச் இருக்கிறதா?

பெரியாற்றங்கரை

ஐயா, 5 வந்துவிட்டது! ஆமாம், சுவிட்ச் இருக்கிறது. 0-இல் இருந்தது. 2-க்குத் தள்ளினேன், 3.50 என்று வருகிறது.

ஓய்வுபெற்ற கணக்கர்

அதுதான் தசம இடத்துக்கான சுவிட்ச். ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த வகைகளில் பல, மீதியை வெட்டிவிடும். அடுத்த எண்ணுக்கு ஏற்றிப் போடாது. சுவிட்ச் 2-இல் இருக்கும்போது 100-ஐ 3-ஆல் வகுத்து மறுபடி 3-ஆல் பெருக்கினால் 99.99-தான் கிடைக்கும். ஆகவே பெருக்க வேண்டியதை முதலில் பெருக்கிவிட்டு, கடைசியில் வகுங்கள்.

0-ஆல் வகுத்தபோது ஓடியதும் பழுது இல்லை. இந்த இயந்திரங்கள் வகுப்பது என்றால் திரும்பத் திரும்பக் கழிப்பதுதான். 9-இல் 0-ஐ எத்தனை முறை கழித்தாலும் 9 அப்படியே இருக்கிறது, வேலை முடிவதே இல்லை. அழிக்கும் விசையை அழுத்தினால் நின்றுவிடும்.

பாலக்காட்டு மாணவன்

அக்கா, தனித்தனிக் கண்ணாடிக் குழாய் என்றால் எண் காட்டும் பழைய நிக்சி குழாயா? அதற்கு ஆபத்தான வோல்டேஜ் இருக்கும் என்று படித்திருக்கிறேன். உள்ளே கை வைக்காதீர்கள்.

பழையரேடியோ

தம்பி, நிக்சி ஆரஞ்சு நிறத்தில் எரியும், அதற்கு 170 வோல்ட் அளவில் வேண்டும். இது நீலப்பச்சை. 1967-இல் ஜப்பானில் உருவான ஃபுளோரசன்ட் குழாய் வகை. உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி லேசாகச் சூடாகி எலக்ட்ரான்களை விடும், அவை துத்தநாக ஆக்சைடு பூசிய கோடுகளில் மோதும்போது வெளிச்சம். இதற்கு 25, 30 வோல்ட் போதும். ஆனாலும் உன் எச்சரிக்கை தேவைதான், டிரான்ஸ்பார்மர் பக்கம் 240 வோல்ட் வருகிறதே.

அம்மா, மங்கலுக்கு ஒரு சோதனை. எண்ணுக்கான எட்டு இடத்திலும் 1 போட்டு வெளிச்சத்தைப் பாருங்கள். பிறகு எட்டு இடத்திலும் 8 போடுங்கள். 8-க்கு நிறையக் கோடு எரிய வேண்டும். அப்போது எல்லாக் குழாயும் சேர்ந்து இன்னும் மங்கினால் மின்சாரம் கொடுக்கும் பகுதி தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு குழாய் மட்டும் மங்கலாக இருந்தால் அந்தக் குழாயோ அதன் சால்டரிங்கோதான் காரணம்.

பெரியாற்றங்கரை

8 போட்டதும் மொத்தமும் மங்குகிறது, லேசாகத் துடிக்கவும் செய்கிறது.

பழையரேடியோ

அப்புறம் என்ன, பாதி வேலை முடிந்தது. மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். ஐம்பது வருடத்துச் சரக்கு, உள்ளே இருக்கும் திரவம் வற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அதன் இரண்டு கால்களில் அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மாற்றிவிடலாம். அதே மைக்ரோபாரட் அளவு, வோல்ட் மட்டும் ஒரு படி கூடுதலாக, 105 டிகிரி சூடு தாங்கும் வகை. பிளஸ், மைனஸ் பக்கம் மாறக்கூடாது. கழற்றும் முன் ஒரு ரெசிஸ்டர் வைத்து மிச்சக் கரண்ட்டை இறக்கிவிடுங்கள். சிப்புகளின் காலை விரலால் தொடாதீர்கள். பழைய மாஸ் (MOS) வகை சிப்புகள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரமே அவற்றைக் கொன்றுவிடும்.

7 இரட்டையாக விழுவது உங்கள் ஊர் ஈரத்தால். குமுளி மழையில் பித்தளைக் குத்துவிளக்கே பச்சை பூக்கிறதே, விசைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடு என்ன ஆகும்? ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். உப்புத்தாள் போட்டும் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போனால் திரும்ப வராது.

பெரியாற்றங்கரை (பதினோரு நாள் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும், தேனியிலிருந்து கெப்பாசிட்டர் வரவேண்டியிருந்தது. ஐடிஐ முடித்த என் தம்பிதான் திறந்தான். 470 மைக்ரோபாரட், 50 வோல்ட். அடிப்பக்கம் லேசாக உப்பியிருந்தது. மீட்டரில் ஏசி 4 வோல்ட் காட்டியது. 63 வோல்ட் வகை போட்ட பிறகு அரை வோல்ட்டுக்கும் கீழே. இப்போது எட்டு எட்டும் ஒரே அளவில், பகலிலேயே தெளிவாகத் தெரிகின்றன. 7-க்கு இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது. நேற்றிலிருந்து ஒருமுறைகூட இரட்டிக்கவில்லை.

மேசையில் வைத்ததும் பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எதுவும் சொல்லித் தரவில்லை. 8 போட்டு வெள்ளையைத் தட்டினார், 3 போட்டுச் சிவப்பைத் தட்டினார். சம்பளத்துக்கு முந்தின இரவுகளில் தாத்தா ஏட்டை வாசிப்பாராம், இவர்தான் தட்டுவாராம். இத்தனை வருடம் எங்கள் யாருக்கும் அது தெரியாது.

பெட்டிக்கு அடியில் 1976-ஆம் வருடத்து ஏடு ஒன்றும் இருந்தது. இப்போது நான் வாசிக்கிறேன், பாட்டி தட்டுகிறார். இன்று காலை மூன்று பக்கம் முடித்தோம், மூன்றிலும் தாத்தா அடியில் எழுதிய மொத்தம் காசு பிசகாமல் வந்தது. நான்காவது பக்கத்தில் ஒரு வரி ஈரத்தில் அழிந்திருக்கிறது. மொத்தத்திலிருந்து மற்ற வரிகளை எல்லாம் கழித்தால் அந்தத் தொகை கிடைத்துவிடும் என்று பாட்டி சொல்கிறார். சாயங்காலம் அதற்கு உட்காருகிறோம்.