சாஃப் (தெற்காசிய நாடுகள்) பெண்கள் கால்பந்துக் கோப்பை: வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மன்னார்குடி அப்பா:
எட்டாவது படிக்கும் என் மகளும் அவள் கூட்டாளிகளும் அறுவடை முடிந்த வயலில்தான் பந்து விளையாடுகிறார்கள். தாள் குத்திக் குத்திக் கணுக்காலெல்லாம் கீறல், ஆனாலும் இருட்டுகிற வரை வீட்டுக்கு வருவதில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, “சாஃப் கோப்பையை நாமதானேப்பா ஜெயிச்சிட்டே இருந்தோம், எப்ப விட்டோம்?” என்றாள். எனக்கு ஆண்கள் ஆட்டம்தான் தெரியும். கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

திருவாரூர்க்காரன்:
அண்ணே, முதல் போட்டி 2010இல், வங்கதேசத்துக் காக்ஸ் பஜாரில். அப்புறம் 2012 கொழும்பு, 2014 இஸ்லாமாபாத், சிலிகுரி, 2019இல் நேபாளத்து பிராட்நகர் என்று ஐந்து தடவையும் நாம்தான். இஸ்லாமாபாத் இறுதியாட்டத்தில் நேபாளத்தை 6-0 என்று அடித்தோம். ஆனால் பாப்பாவிடம் சிலிகுரியைச் சொல்லுங்கள். லீக் ஆட்டத்தில் நம்மைக் கோலே போடவிடாமல் 0-0 என்று நிறுத்திய அதே வங்கதேசம் இறுதியாட்டத்துக்கும் வந்தது, 2017 ஜனவரி 4 அன்று 3-1 என்று ஜெயித்தோம், மூன்றாவது கோல் இந்துமதி கதிரேசன் போட்டது. கடலூர்ப் பெண். கொள்ளிடத்தைத் தாண்டினால் அவங்க மாவட்டம்தானே!

குடந்தை அக்கா:
விட்டது 2022இல், காத்மாண்டுவில். லீக்கில் வங்கதேசத்திடம் 0-3, அரையிறுதியில் நேபாளத்திடம் 0-1. வங்கதேசம் கோப்பையைத் தூக்கியது, சபினா காத்தூன் மட்டும் 8 கோல். அது திடீரென்று வந்த வெற்றி இல்லை தம்பி. அங்கே ஆரம்பப் பள்ளிச் சிறுமிகளுக்கென்றே நாடு முழுக்கப் போட்டி நடத்துகிறார்கள், மைமன்சிங் பக்கம் கல்சிந்தூர் என்ற ஒரே கிராமத்துப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் தேசிய அணிக்கு வந்திருக்கிறார்கள் தெரியுமா? நம் ஊர்ப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு மைதானம் விடுவதே அபூர்வம், எனக்கு அதுதான் ஆத்திரம். 2024லும் அவர்களே ஜெயித்தார்கள், 2-1.

திருவாரூர்க்காரன்:
நேபாளத்தை விட்டுவிட்டோமே அக்கா. 2024 வரை நடந்த ஏழில் ஆறு இறுதியாட்டம் ஆடி ஆறிலும் தோல்வி, சிலிகுரியில் மட்டும்தான் வரவில்லை. 2024 அரையிறுதியில் நமக்கு எதிராக அவர்கள் போட்ட கோலை நடுவர் ஒத்துக்கொள்ளாமல் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது, மறுபடி தொடங்கியதும் சபித்ரா பண்டாரி சமன் செய்தார், பெனால்டியில் நாம் வெளியே. நாம் தோற்ற ஆட்டம்தான், ஆனால் அந்தப் பெண்ணின் நெஞ்சுரம் பெரிசு.

மன்னார்குடி அப்பா:
எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இந்துமதி கோலை இப்போது யூடியூபில் தேடிக்கொண்டிருக்கிறாள். அக்கா, கும்பகோணத்தில் பெண் பிள்ளைகள் அளவுக்குப் பூட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்? 4ஆம் நம்பர் வேண்டும்.