சரடும் கயிறும்: எங்கள் குடும்பக் குழுவில் ஆங்கிலக் கதைச் சொற்கள்

குழு: ஆலமரத்து வீடு
ஞாயிறு மாலை

யாழினி: பெரியம்மா, நாளைக்குப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பேச வேண்டும். கதை சொல்வது பற்றிய ஆங்கிலச் சொற்றொடர்கள்தான் தலைப்பு. ஒன்ஸ் அப்பான் எ டைம், ஸ்பின் எ யார்ன், காக் அண்ட் புல் ஸ்டோரி, ரெட் ஹெர்ரிங், கிளிஃப்ஹேங்கர். அர்த்தம் எல்லாம் எழுதிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

கோவை பெரியம்மா: பட்டியலை வாசிக்காதே கண்ணு. எதுவும் மனதில் நிற்காது. இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொள். அந்தச் சொல் யாருடைய வேலையிலிருந்து வந்தது என்று காட்டு. கை வேலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அர்த்தம் தானாக வரும்.

நெல்லை சித்தி: ஒன்ஸ் அப்பான் எ டைம் சுலபம். நம்ம ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’தானே.

கோவை பெரியம்மா: ஆமாம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே அந்தத் தொடக்கம் வந்துவிட்டது. ஒரு வரி சொன்னால் போதும். நேரத்தை ஸ்பின் எ யார்னுக்கு வைத்துக்கொள்.

யாழினி: நீளமாகக் கதை அளப்பது. கொஞ்சம் நம்ப முடியாத கதையாகவும் இருக்கும். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

கோவை பெரியம்மா: சரிதான். யார்ன் என்றால் நூல் இழை. இந்த வழக்கு மாலுமிகளிடமிருந்து வந்தது என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. தூத்துக்குடி மாமா பதினாறு வருடம் கப்பல் டெக்கில் இருந்தவர். அவரையே கேள்.

தூத்துக்குடி மாமா: வந்துவிட்டேன் மருமகளே. பாய்மரக் கப்பலில் பழைய கயிற்றைத் தூக்கிப் போடமாட்டார்கள். முதலில் புரி புரியாகப் பிரிப்பார்கள். புரியைப் பிரித்தால் இழை வரும். அந்த இழைகளில் இரண்டு மூன்றைச் சேர்த்துத் தார் தடவி மறுபடி முறுக்குவார்கள். அதற்குப் பெயரே ஸ்பன் யார்ன்தான். பெரிய கயிறு எங்கே உராய்ந்து தேயுமோ அங்கே இதை நெருக்கமாகச் சுற்றிவிடுவார்கள்.

தூத்துக்குடி மாமா: ஒருவன் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர்கள் இழையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் வேலை. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கும்? எங்கள் காலத்தில் நைலான் கயிறு வந்துவிட்டது. ஆனாலும் கயிறு பின்ன உட்கார்ந்தால் போசன், அதாவது டெக் ஆட்களின் தலைவர், கதையை ஆரம்பித்துவிடுவார். கயிறு முடிகிறவரை கதையும் முடியாது.

யாழினி: மாமா, இது அருமை. இதை அப்படியே சொல்லலாமா?

தூத்துக்குடி மாமா: தாராளமாகச் சொல். ஒரு முழம் மூன்று புரிக் கயிறு கொண்டு போ. பிள்ளைகள் கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொல். புரி எது, இழை எது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கோவை பெரியம்மா: எழுத்தில் இந்த வழக்கு எங்கே கிடைக்கிறது என்பதும் சுவையான சங்கதி. ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர். திருட்டுக் குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதி. 1812இல் அங்கே இருந்தபடியே திருடர்களின் பேச்சு வழக்குகளைத் தொகுத்தார். 1819இல் அது லண்டனில் அச்சாகி வந்தது. ஸ்பின்னிங் எ யார்ன் அதில் இருக்கிறது. தங்கள் சாகசங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, அது அவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்று விளக்கம் எழுதியிருக்கிறார்.

நெல்லை சித்தி: அக்கா, நாமும் ‘சரடு விடாதே’ என்றுதானே சொல்கிறோம்? ‘கயிறு திரிக்கிறான்’ என்றும் சொல்வோம். சரடும் முறுக்கிய நூல்தானே!

கோவை பெரியம்மா: அதேதான். இதைக் கட்டாயம் சொல் யாழினி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்பின் எ யார்ன் புரிய இதைவிட நேர் வழி கிடையாது. ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. சரடு விடுகிறான் என்றால் நாம் பொய் என்றே முடிவு கட்டிவிடுவோம். யார்னில் அவ்வளவு குற்றச்சாட்டு இல்லை, கேட்டு ரசிக்கவும் செய்வார்கள்.

அப்பா: காக் அண்ட் புல் ஸ்டோரி, அதாவது நம்ப முடியாத கட்டுக்கதை, அது என்ன ஆச்சு? இங்கிலாந்தில் ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில் காக், புல் என்று இரண்டு சத்திரங்கள் இருந்ததாகவும், அங்கே தங்கிய பயணிகள் அளந்த கதைகளால் இந்தப் பெயர் வந்ததாகவும் படித்தேன்.

கோவை பெரியம்மா: சத்திரங்கள் உண்மை. சொல் அங்கேதான் பிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ‘அந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

நெல்லை சித்தி: ரெட் ஹெர்ரிங் துப்பறியும் கதையில் வருவதுதானே? நாம் ஒருவன் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்போம், கடைசியில் கொலைகாரன் வேறொருவனாக இருப்பான்.

கோவை பெரியம்மா: அதேதான். ஹெர்ரிங் நம் மத்தி மீனின் குடும்பம். உப்பிட்டுப் புகை போட்டால் செம்பழுப்பாகிவிடும், வாசம் ஊரைத் தூக்கும். வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் 1807இல் ஒரு கதை எழுதினார். சிறுவனாக இருந்தபோது முயலைத் துரத்திய நாய்களை இந்த மீனை இழுத்துக்கொண்டு போய்த் திசை திருப்பினாராம். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளைக் கண்டிப்பதற்காகத்தான் அதைச் சொன்னார்.

தூத்துக்குடி மாமா: கருவாட்டு வாசத்துக்கு எந்த நாயும் திரும்பத்தான் செய்யும்.

யாழினி: கடைசியாக கிளிஃப்ஹேங்கர், அடுத்து என்ன ஆகுமோ என்று பதற வைத்துக் கதையை நிறுத்துவது. தாமஸ் ஹார்டி என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவலில் இருந்து வந்தது என்று எழுதியிருக்கிறேன்.

கோவை பெரியம்மா: அந்த வரியை மாற்று. காட்சி அவருடையது, சொல் அவருடையது இல்லை. சொல் 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. திரையரங்குகளில் வாராவாரம் ஒரு பகுதியாக ஓடிய தொடர் படங்களை அப்படிச் சொன்னார்கள். ஹார்டியின் கதை 1872-73இல் மாத இதழில் தொடராக வந்தது. ஹென்றி நைட் என்பவன் கார்ன்வால் கடற்கரைச் செங்குத்துப் பாறையில் சறுக்கிப்போய் ஒரு செடிக் கொத்தைப் பிடித்துத் தொங்குகிறான். மழை வேறு. அவன் முகத்துக்கு நேரே பாறையில் ஒரு புதைபடிவம், கல்லான கண்களோடு அவனையே பார்க்கிறது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் செத்த பூச்சி போன்ற கடல் உயிர். வாசகர்கள் அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள்.

நெல்லை சித்தி: ஒரு மாதமா! வெள்ளிக்கிழமை சீரியலுக்குத் திங்கள் வரை இருப்பதற்கே எனக்குக் கை கால் ஓடாது. அக்கா, அவன் பிழைத்தானா?

கோவை பெரியம்மா: பிழைத்தான். மேலே நின்ற எல்ஃப்ரிட் என்ற பெண் தன் உள்ளாடைத் துணிகளைக் கிழித்து, முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி அவனைக் காப்பாற்றுகிறாள். ஒவ்வொரு முடிச்சையும் சோதித்துப் பார் என்று கீழே தொங்கிக்கொண்டே அவன் சொல்கிறான், அவள் காலால் மிதித்து இழுத்துப் பார்க்கிறாள்.

தூத்துக்குடி மாமா: சரியான ஆள். ஈரத் துணி முடிச்சு இறுகும், ஆனால் முதல் இழுப்பில் கொஞ்சம் நழுவும். அதைப் பார்க்காமல் பாரத்தை ஏற்றக்கூடாது.

யாழினி: அப்படியானால் நாளைக்கு யார்னும் கிளிஃப்ஹேங்கரும் மட்டும். இரண்டிலும் கயிறு இருக்கிறது. நைட் தொங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த வாரம் சொல்லப்போகிறேன்.

கோவை பெரியம்மா: நல்ல யோசனை. ஆனால் அடுத்த வாரம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். பாதியில் விட்ட கதை பிள்ளைகளுக்குக் கடன்.

அப்பா: கயிறு மாடியில் இருக்கிறது யாழினி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்.