பொயிலர் லோ வாட்டர் ட்ரிப்பை வயர் போட்டு பைபாஸ் பண்ணியிருக்கினம், என்ன செய்யலாம்?

ரத்மலானை டெக்

வணக்கம் எல்லாருக்கும். நான் ரத்மலானைப் பக்கம் ஜீன்ஸ் கழுவுற ஒரு வாஷிங் பிளான்ட்ல மெயின்டனன்ஸ் டெக்னீஷியனா ஒண்டரை வருஷமா வேலை செய்யிறன். எங்கட பொயிலர் மணிக்கு 2 தொன் ஸ்டீம் குடுக்கிற ஃபயர் டியூப் (டியூபுக்குள்ளால நெருப்புப் புகை போகும், சுத்தித் தண்ணி நிக்கும்), 7 பாரில ஓடுது, விறகு பொயிலர். முந்தி ஃபர்னஸ் ஒயில் பொயிலர் இருந்தது, 2022ல எண்ணெய் இல்லாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு இதை எடுத்தவை.

பிரச்சினை என்னெண்டா கடைசி ரெண்டு மாசமா லோ வாட்டர் ட்ரிப் (பொயிலரில தண்ணி குறைஞ்சா தானா நிப்பாட்டுற பாதுகாப்பு) ஒரு ஷிஃப்ட்டுக்கு மூண்டு நாலு தரம் அடிக்குது. அடிச்சா நெருப்புக்குக் காத்து ஊதுற ஃபேன் நிக்கும், பிரஷர் இறங்கும், ட்ரையர் எல்லாம் ஆறும், புரொடக்ஷன் சேர் கீழ வந்து சத்தம் போடுவார். போன கிழமை நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலமை நான் பனலைத் திறந்து பார்த்தா லெவல் ரிலேயின்ர (தண்ணி மட்டத்தைப் பார்த்து ட்ரிப் அடிக்க வைக்கிற சுவிட்ச்) ரெண்டு டெர்மினலுக்கும் நடுவில சின்னதா ஒரு சிவப்பு வயர், ஒரு விரல் நீளம்தான் இருக்கும், மேல கறுத்த டேப் சுத்தியிருக்கு. ஆர் போட்டதெண்டு கேக்க ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. பொயிலரை ஓட்டுற பாஸ் இருபது வருஷ அனுபவமுள்ள நல்ல மனுசன், அவர் சொல்லுறார் "நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன், நீ பயப்பிடாத" எண்டு, கிளாஸ் எண்டா பொயிலரின்ர தண்ணி மட்டத்தைக் காட்டுற கண்ணாடிக் குழாய். எனக்கு அந்த வயரைப் பார்த்த நாளில இருந்து அந்த ரூமுக்குள்ள நிக்கவே ஏலாமல் இருக்கு. கழட்டினா திரும்ப ட்ரிப் ஆகும், பழி என்ர தலையில. ட்ரிப் ஏன் வருது, மேல உள்ளவைக்கு எப்பிடிச் சொல்லுறது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வெள்ளவத்தை ரிட்டயர்ட்

தம்பி, முதல் வேலை அந்த வயரைக் கழட்டுறது. நாளைக்கெல்லாம் இல்லை, இண்டைக்கே. மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்.

நான் 34 வருஷம் பிளான்ட் இஞ்சினியரா இருந்தனான், அதில பாதிக்கு மேல பொயிலரோடதான் போனது. உங்கட பாஸ் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார் எண்டுறது உண்மையா இருக்கலாம், ஆனா மனுசன் ஒருக்கா பாத்ரூம் போவார், விறகு லொறி வந்தா கையெழுத்துப் போட வெளிய போவார். 7 பாரில தண்ணி கிட்டத்தட்ட 170 டிகிரில இருக்கு. பொயிலரின்ர ஓடு பிரிஞ்சு அந்தப் பிரஷர் ஒரேயடியா இறங்கினா தண்ணியில 13 வீதம் போல கண்ணை மூடி முழிக்க முதல் ஸ்டீமாகும். மூண்டு தொன் தண்ணி எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, 400 கிலோ ஸ்டீம், அது வெளியில 650 கியூபிக் மீற்றருக்கு மேல இடம் பிடிக்கும். உங்கட பொயிலர் ரூம் எத்தினை கியூபிக் மீற்றர் எண்டு நீங்களே அளந்து பாருங்கோ. 1905ல அமெரிக்காவில புரொக்டன் எண்ட ஊரில ஒரு சப்பாத்து ஃபேக்டரியில பொயிலர் வெடிச்சு 58 பேர் செத்தவை, அதுக்குப் பிறகுதான் அங்க பொயிலருக்கெண்டு ஒழுங்கான சட்டம், கோட் எல்லாம் வந்தது. எங்கட நாட்டிலயும் 1942ம் ஆண்டு 45ம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில பொயிலர் சேஃப்டி வால்வு, பரிசோதனை பற்றியெல்லாம் இருக்கு, நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில அதுக்கெண்டே பிரிவும் இருக்கு. மேனேஜ்மென்டோட கதைக்கேக்க இதையும் கையில வச்சிருங்கோ.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்களுடையது விறகு. ஒயில் பேர்னர் எண்டா ட்ரிப் அடிச்ச உடன நெருப்பு நிக்கும். விறகில ஃபேன் நிண்டாலும் கிரேற்றில தணல் கிடக்கும், சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதால ஒயில் பொயிலரை விட உங்களுக்குத்தான் அந்த ட்ரிப் கூடத் தேவை. எப்பவாவது கிளாஸில தண்ணி தெரியேல்ல எண்டா விறகு போடுறதை நிப்பாட்டி, ஃபேனை நிப்பாட்டி, ஆக்களை வெளிய அனுப்பிப்போட்டு ஆறவிடுங்கோ. தண்ணி மட்டும் விடக் கூடாது. சிவந்து கிடக்கிற டியூபில பச்சைத்தண்ணி பட்டா அதுதான் கடைசி. ஆறினாலும் தகுதியான ஆள் உள்ள பார்க்காமல் திரும்ப மூட்டக் கூடாது.

இனி ட்ரிப் ஏன் வருது எண்டுறது. எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்கோ: ஃபீட் டேங்க் (பொயிலருக்குப் போற தண்ணி நிக்கிற தாங்கி) எவ்வளவு சூடு, டேங்க் மூடியால ஆவி பறக்குதா? ட்ரிப் அடிக்கேக்க ஃபீட் பம்ப் என்ன சத்தம் போடுது?

ரத்மலானை டெக்

ஐயா, பதில் வாசிச்ச உடனயே போய் வயரைக் கழட்டிப்போட்டன், பாஸுக்கு நேர சொல்லிப்போட்டுத்தான் கழட்டினன். அவர் ஒண்டும் சொல்லேல்ல, தலையை மட்டும் ஆட்டினார். இரவு ரெண்டு தரம் ட்ரிப் அடிச்சது.

டேங்க் மூடி எப்பவும் ஆவியில தடதடக்கும், நான் அதைச் சாதாரணம் எண்டு நினைச்சன். டெம்பரேச்சர் கன் வச்சுப் பார்க்க 97. பம்ப் ட்ரிப்புக்கு முதல் கல்லு உருட்டுற மாதிரி கரகரக்கும், டெலிவரி கேஜ் முள்ளு ஆடும், கொஞ்சத்தால பழையபடி ஓடும். பம்ப் தேஞ்சு போச்சு, பெரிசா ஒண்டு எடுப்பம் எண்டு சேர் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்.

பம்ப் நானா, கொழும்பு 12

தம்பி புது பம்ப் எடுக்க வேணாம், அந்த கொட்டேஷன நிப்பாட்ட சொல்லுங்க. நான் பம்ப் ரிபெயார் பண்ற ஆள், வேலையப் பார்த்து வித்தா எனக்குத்தான் லாபம், ஆனா இது பம்புட குத்தம் இல்ல. 97 டிகிரி தண்ணி கொதிக்கிறதுக்கு விளிம்புல இரிக்கி. பம்புட வாய்க்குள்ள போகக்குள்ள கொஞ்சம் பிரஷர் குறைஞ்சாலும் உள்ளுக்கே ஆவியாகும், அந்தக் குமிழி உள்ளுக்கு சுத்துற இம்பெல்லர்ல உடையிற சத்தம்தான் நீங்க கேட்ட கல்லு. அந்த நேரம் பம்ப் சுத்தும், தண்ணி தள்ளாது.

கணக்கு சொல்றன் பாருங்க. 97 டிகிரில தண்ணிட ஆவி பிரஷர் 0.91 பார், நம்ம காத்துட பிரஷர் 1.01, அப்ப மிச்சம் ஒரு மீற்றர் ஹெட் (தண்ணி உயரத்துல சொல்ற பிரஷர்) சொச்சம்தான். டேங்க் ஒன்றரை மீற்றர் உயரத்துல இருந்தா ரெண்டையும் கூட்டினா ரெண்டரை மீற்றர், அதுல பைப், ஸ்ட்ரைனர் எல்லாம் தின்னுறது வேற. அநேகமான ஃபீட் பம்புக்கு அது காணாது. அதே டேங்க் 80 டிகிரில இருந்தா அஞ்சரையும் ஒன்றரையும் ஏழு மீற்றர், பம்ப் சத்தமே இல்லாம ஓடும். பெரிய பம்ப் போட்டா வாய்ல இன்னும் வேகமா இழுக்கும், நிலமை மோசமாகும், நான் இத எத்தின இடத்துல பார்த்திரிக்கன். சக்ஷன் ஸ்ட்ரைனரை (பம்புக்கு முன்னால இரிக்கிற வடி) கழட்டி ஒருக்கா கழுவுங்க, அத ஒருத்தரும் தொடறதில்ல. டேங்க் ஏன் 97 வருது, அதத் தேடுங்க.

வெள்ளவத்தை ரிட்டயர்ட்

நானா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் கேட்டதும் அதுக்குத்தான். ஃபீட் தண்ணி சூடா இருக்கிறது நல்லது, 6 டிகிரி கூடினா விறகு ஒரு வீதம் போல மிச்சம், அதால எல்லாரும் டேங்க் கொதிச்சா சந்தோசப்படுவினம். ஆனா கண்டன்சேட் (மெஷினில ஸ்டீம் ஆறித் திரும்பி வாற தண்ணி) மட்டும் வந்து, அதோட புதுத்தண்ணியும் கலந்தா உங்களைப் போல பிளான்ட்ல 97 வராது. ஸ்டீம் ட்ராப் (ஆறின தண்ணியை மட்டும் விட்டு ஸ்டீமை மறிக்கிற வால்வு) திறந்தபடி நிண்டு, ஆறாத ஸ்டீம் அப்பிடியே டேங்குக்குள்ள வருது, வேற ஒண்டும் இல்லை. 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒண்டால 7 பாரில மணிக்கு 25 இலிருந்து 30 கிலோ ஸ்டீம் போகும். அஞ்சாறு ட்ராப் அப்பிடி நிண்டா உங்கட பொயிலரின்ர ஏழு எட்டு வீதம் மூடியால ஆவியாப் பறக்குது, அதுக்கும் ஒரு ஆள் விறகு தள்ளிக்கொண்டுதான் நிக்கிறார்.

நீளமான ஸ்க்ரூட்ரைவரை ட்ராப்பில வச்சு பிடியைக் காதோட வச்சுக் கேளுங்கோ. நல்ல ட்ராப் விட்டு விட்டு மூச்சு விடும், பழுதானது ஒரே சீறல். சூட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதேங்கோ, ரெண்டும் சுடும். ஒவ்வொரு ட்ராப்புக்கும் பக்கத்தில இருக்கிற பைபாஸ் வால்வையும் பாருங்கோ, காலமை ட்ரையர் கெதியா சூடாகட்டும் எண்டு திறந்துபோட்டு அப்பிடியே மறந்துவிடுவினம்.

மேல சொல்லுறது எப்பிடி எண்டு கேட்டனீங்கள். "ஆபத்து சேர்" எண்டு மட்டும் போகாதேங்கோ, அதை அவை நூறு தரம் கேட்டிருப்பினம். ஒவ்வொரு ட்ரிப்பையும் நேரம், பிரஷர், டேங்க் சூடு, எத்தினை நிமிசம் ட்ரையர் நிண்டது எண்டு ஒரு சி.ஆர் கொப்பியில எழுதி, ஒரு கிழமை எழுதினாக் காணும், அதைக் கொண்டுபோய் முன்னால வையுங்கோ.

ஹட்டன்காரன் ஏகலயில்

நான் பொயிலர் ஆப்பரேட்டரா 11 வருஷம் இருக்கேங்க, விறகு பொயிலர்தான். அண்ணன்மாரு சொன்னதோட ரெண்டு விஷயம் சேத்துக்கிறேன். ஒன்னு, எங்க இடத்துல ட்ரிப்புக்கு டைமர் போட்டு 30 செக்கன் தள்ளி வச்சாங்க, வயர் போடுறதுக்கு அது பரவால்லன்னு ஒரு சேர் சொன்னாரு. நானும் அப்ப சரின்னு நெனச்சேன், அப்புறம் ஒரு நாளு கிளாஸ்ல தண்ணி அடிவரைக்கும் போய்ட்டு வந்தத கண்ணால பாத்தேன், அன்னைக்கே டைமர கழட்டச் சொல்லி சண்டை போட்டேன். பத்து மெஷினுக்கு ஒரே நேரத்துல வால்வ தெறந்தா தண்ணி பொங்கி எறங்கும், அதுக்கு பொயிலர் கம்பனி குடுத்த சின்ன டிலே போதும், அதுக்கு மேல ஒரு செக்கன்கூட கூட்டக்கூடாது. மெஷின ஒன்னொன்னா தெறக்கச் சொல்லி ஃபுளோர்ல பேசுங்க, அதுலயே பாதி பிரச்சினை போகும்.

ரெண்டாவது, கிளாஸ நம்புறதுன்னா அந்த கிளாஸ் உண்மை சொல்லுதான்னு பாக்கணும். ஷிஃப்ட் எடுத்த ஒடனே கிளாஸுக்கு தண்ணி வர்ற சின்ன வால்வ, அதாவது தண்ணி காக்க மூடி, ட்ரெயின தெறங்க, ஸ்டீம் சீறணும். அப்புறம் ஸ்டீம் காக்க மூடி தண்ணி காக்க தெறங்க, தண்ணி வரணும். கடைசில ட்ரெயின மூடி ரெண்டையும் தெறந்தா தண்ணி டக்குன்னு மேல வரணும். மெதுவா வந்தா தண்ணிப் பக்க வழில சேறு அடைச்சிருக்குன்னு அர்த்தம். ஃப்ளோட் சேம்பரையும் (ட்ரிப் அடிக்கிற மிதவை இருக்குற கூடு) தெனம் ப்ளோடவுன் பண்ணி, அதாவது தண்ணிய வெளிய வுட்டு, ஃபேன் நிக்குதான்னு பாருங்க, நிக்கலன்னா யாரோ மறுபடி வயர் போட்டிருக்காங்க.

விறகு வெளிய நனையுதா தம்பி? பாதிக்குப் பாதி ஈரமுள்ள விறகுல கிலோவுக்கு 8 மெகாஜூல்தான் கெடைக்கும், கால்வாசி ஈரம்னா 13க்கு மேல. ஈர விறகு போட்டா பிரஷர் எறங்கும், எறங்குனா ஆப்பரேட்டர் அள்ளி அள்ளி போடுவான், அதுலயும் லெவல் ஆடும். மழைக்கு முன்னாடி ஒரு தகரக் கொட்டகை போடச் சொல்லுங்க.

ரத்மலானை டெக்

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், எல்லாருக்கும் நன்றி சொல்லோணும்.

ஐயா சொன்ன மாதிரி கொப்பி எழுதினன், ஆறு நாளில 19 ட்ரிப், ட்ரையர் நிண்ட நேரம் மட்டும் அஞ்சரை மணித்தியாலம். அதைப் பார்த்த உடன புரொடக்ஷன் சேரே ஞாயிற்றுக்கிழமை பிளான்டை நிப்பாட்டித் தந்தார், நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. 12 ட்ரையரில நாலு ட்ராப் ஒரே சீறல், ரெண்டு பைபாஸ் வால்வு முழுசாத் திறந்து கிடந்தது, ஒண்டின்ர ஹேண்டில் துருப்பிடிச்சு ஆரும் தொட்டு வருஷமாகியிருக்கும். ட்ராப்புக்கு பழைய சோனகத் தெருவெல்லாம் ஏறி இறங்கி, ரெண்டுக்கு புது ஒண்டும் ரெண்டுக்கு உள் சாமானும் கிடைச்சது. ஸ்ட்ரைனரைக் கழட்டினா பாதிக்கு மேல துருவும், என்னெண்டு சொல்ல ஏலாத ஒரு சேறும், நானா சொல்லாட்டி நான் அதைத் திறந்திருக்கவே மாட்டன்.

இப்ப டேங்க் 78 இலிருந்து 82க்குள்ள நிக்குது, மூடி சத்தமே இல்லை. பம்பும் கரகரக்கிறேல்ல. கடைசி 11 நாளில ஒரு ட்ரிப், அதுவும் கரண்ட் போய் வந்த நேரம். விறகு நாளைக்கு 8 தொன் போல போனது, இப்ப 7.3, 7.4 வருது, ஆனா இந்த நாளில மழையும் இல்லை எண்டபடியா முழுக்க ட்ராப்பாலதான் எண்டு நான் சொல்ல மாட்டன். பெரிய பம்ப் கொட்டேஷனை சேர் கைவிட்டிட்டார், அந்தக் காசில விறகுக்குக் கொட்டகை போடக் கேட்டிருக்கிறன்.

பாஸ் நேற்று என்னைக் கூப்பிட்டு அந்த வயரைப் போட்டது தான்தான் எண்டு சொன்னார். மாசக்கடைசி ஷிப்மென்ட் நேரம் மேல இருந்து வந்த நெருக்கத்தில செய்ததாம், அதுக்குப் பிறகு ஒரு இரவும் ஒழுங்காக் கண் மூடேல்லயாம். இப்ப ஒவ்வொரு நாளும் ஃப்ளோட் சேம்பர் டெஸ்டை அவரே செய்து கொப்பியில கையெழுத்து வைக்கிறார், பக்கத்தில நின்று என்னையும் செய்யப் பழக்குறார்.

வெள்ளவத்தை ரிட்டயர்ட்

நல்ல வேலை தம்பி. உங்கட பாஸுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. ஒண்டு மட்டும் கேக்கோணும், உங்களிட்ட லோ வாட்டர் ட்ரிப் ஒண்டா ரெண்டா? ரெண்டாவது வேற சேம்பரில, வேற வயரிங்கில, அடிச்சா கையால ரீசெட் பண்ணுற மாதிரி இருக்கோணும். ஒண்டுதான் இருக்கெண்டா அடுத்த ஞாயிறு நிப்பாட்டுக்கு அதைக் கேளுங்கோ. டேங்க் சூடு 85ஐத் தாண்டினா மணி அடிக்கிற மாதிரி ஒரு சின்ன தெர்மோஸ்டாட்டும் போடலாம், பெரிய செலவில்லை, அடுத்த ட்ராப் பழுதாகிற அண்டைக்கே உங்களுக்குத் தெரியவரும்.