எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்: இன்னொரு கணினியிலிருந்து இணைத்தால் பிழை 26

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. கடையில் இரண்டு டெஸ்க்டாப், இரண்டிலும் விண்டோஸ் 11. பில் போடும் கணினியில் எஸ்க்யூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருள்), அதன் ஐபி 192.168.1.10. அதே கணினியில் டேட்டாபேஸை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ உடனே இணைகிறது. குடோன் கணினியிலிருந்து முயன்றால் பிழை 26 (சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை). பிங் போகிறது. ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தும் அதேதான். எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
முதலில் ஃபயர்வாலை மறுபடி ஆன் செய்யுங்கள்.

அதே கணினியில் இணைப்பு ஷேர்டு மெமரி வழியாகப் போகிறது, நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. அதனால் அது எதையும் நிரூபிக்காது. பிங் போனால் கேபிளும் ஐபியும் சரி, அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி/ஐபி அணைந்த நிலையில்தான் வரும், போர்ட்டும் நிலையானதல்ல. ‘எந்த போர்ட்?’ என்று குடோன் கணினி யுடிபி 1434-இல் கேட்கிறது. பதில் சொல்ல வேண்டிய ‘எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர்’ சர்வீஸ் (இணைய பிரவுசர் அல்ல) ஓடவில்லை. அதுதான் பிழை 26.

கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறங்கள். ஸ்டார்ட் மெனுவில் இல்லையென்றால், ரன் பெட்டியில் எஸ்க்யூஎல்சர்வர்மேனேஜர்15.எம்எஸ்சி என்று (ஆங்கில எழுத்தில்) அடியுங்கள். 2022 பதிப்புக்கு 16. ‘புரோட்டோகால்ஸ்’ பகுதியில் டிசிபி/ஐபியை எனேபிள் செய்து, அதன் ஐபி அட்ரஸஸ் தாவலில் கடைசிக்குப் போங்கள். ‘ஐபிஆல்’ பகுதி மட்டும் போதும். டைனமிக் போர்ட்ஸ் கட்டத்தைக் காலியாக்குங்கள். அங்கே 0 இருந்தாலும் டைனமிக் என்றுதான் பொருள். பலரும் தவறவிடுவது இதைத்தான். டிசிபி போர்ட்டில் 1433. பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் எதுவும் மாறாது.

ஃபயர்வாலில் டிசிபி 1433-க்கு ஓர் இன்பவுண்ட் ரூல், பிரைவேட் புரொஃபைலுக்கு மட்டும், ஸ்கோப்பில் 192.168.1.0/24. கடை நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருந்தால் இந்த ரூல் வேலை செய்யாது, அதையும் பாருங்கள்.

இணைக்கும்போது 192.168.1.10,1433 என்று கொடுங்கள். நடுவில் கமா, முக்காற்புள்ளி அல்ல. போர்ட் கொடுத்துவிட்டால் இன்ஸ்டன்ஸ் பெயரும் (நிறுவிய சர்வருக்கு வைத்த பெயர்) பிரவுசர் சர்வீஸும் தேவையில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. குடோனில் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கொடுத்தால் 1433-க்கு ‘ட்ரூ’ வருகிறது. ஆனால் இப்போது பிழை 18456 (லாகின் தோல்வி).

பதில் 2:
நெட்வொர்க் வேலை முடிந்தது. இனி லாகின் மட்டும்தான். காரணம் குடோன் திரையில் தெரியாது, அங்கே ஸ்டேட் (காரணத்தைச் சொல்லும் எண்) எப்போதும் 1 என்றே காட்டும். சர்வர் கணினியின் (பில் போடும் கணினியின்) எரர் லாகில் உண்மையான எண் இருக்கும். 58 என்றால் விண்டோஸ் ஆதன்டிகேஷன் மட்டும் இயங்குகிறது, 5 என்றால் அந்தப் பயனர் இல்லை, 8 என்றால் கடவுச்சொல் தவறு.

உங்களுக்கு 58-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வர் பிராப்பர்டீஸ், செக்யூரிட்டியில் மிக்ஸ்டு மோடுக்கு (விண்டோஸ், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டு வகை லாகினும்) மாற்றி மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். முழு அதிகாரம் உள்ள ‘எஸ்ஏ’ கணக்கைக் குடோனுக்குக் கொடுக்காதீர்கள். தனி லாகின் உருவாக்கி, பில்லிங் டேட்டாபேஸில் மட்டும் டேட்டாரீடர், டேட்டாரைட்டர் உரிமை கொடுங்கள்.

கேட்டவர்:
58-தான் இருந்தது, மாற்றியதும் இணைந்துவிட்டது. வீட்டிலிருந்து பார்க்க ரவுட்டரில் 1433-ஐத் திறந்துவிடலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். இணையத்துக்குத் திறந்த 1433-இல் கடவுச்சொல்லை ஊகித்து முட்டும் நிரல்கள் ஓயாமல் வரும். 2003 ஜனவரியில் ஸ்லாம்மர் புழு உலகம் முழுக்கப் பரவியது இதே எஸ்க்யூஎல் சர்வரின் யுடிபி 1434 வழியாகத்தான். தவிர, ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்டிங் எடுபடவே எடுபடாது.

டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னைக் கடைக் கணினியிலும் வீட்டு லேப்டாப்பிலும் நிறுவுங்கள். சிஜிநாட் இருந்தாலும் இணையும். முன்பு போட்ட ரூலின் ஸ்கோப்பில் லேப்டாப்பின் விபிஎன் ஐபியையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஃபயர்வால் தடுக்கலாம். ஐபி மாறாமலிருக்க, ரவுட்டரில் 192.168.1.10-ஐ பில் கணினியின் மேக் முகவரிக்கு ரிசர்வ் செய்துவிட்டு, பவர் செட்டிங்கில் ஸ்லீப்பையும் ‘நெவர்’ ஆக்குங்கள்.