சாக்ரடீஸ் கேட்ட சாப்பாடு

வைகைக்கரை:
சாக்ரடீஸ் உண்மைக்காக உயிரைக் கொடுத்தார் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதினார். ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். கி.மு. 399-இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, உனக்கு என்ன தண்டனை என்று அவரையே கேட்டார்கள். ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குப் போடுவதுபோல எனக்கும் ஊர்ச்செலவில் சாப்பாடு போடுங்கள் என்றார். இது உண்மையா, வாய்க்கொழுப்பா?

ஏட்டுச்சுவடி:
அந்த ஒருவர் நான்தான் ஐயா. பெயரைச் சொல்லியே திட்டலாம். தான் செய்தது ஊருக்கு நன்மை என்று நம்புகிறவர் தனக்குத் தண்டனை கேட்டால் அதுதான் பொய்.

வைகைக்கரை:
அந்த ஊர் வழக்கப்படி இரு தரப்பும் சொல்லும் தண்டனைகளில் ஒன்றைத்தான் நடுவர்கள் தேர்ந்தெடுக்க முடியும். எதிராளி மரணம் கேட்டிருக்கும்போது சாப்பாடு கேட்பவருக்குப் பெயர் ஞானியா?

நிலவன்:
பிறகு அபராதம் கட்டுவதாகச் சொன்னாரே. முதலில் ஒரு மினா (அந்தக் காலத்துக் கிரேக்கப் பண அளவு), நண்பர்கள் பிணை நின்றதும் 30 மினா. பிணை நின்றவர்களில் அவருடைய சீடர் பிளேட்டோவும் ஒருவர்.

வைகைக்கரை:
அபராதம் கட்டத் தயார் என்றால் முதலில் சாப்பாடு எதற்கு?

தமிழினி:
விசாரணையைப் பற்றி எழுதிய இன்னொரு சீடர் செனொபோன். அவர் எழுதியதில் சாப்பாடே இல்லை. தண்டனை எதையும் சொல்ல மறுத்தார் என்றுதான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
செனொபோன் அப்போது ஏதென்ஸிலேயே இல்லை, ஆசியாவில் படையோடு இருந்தார். சாப்பாட்டைப் பற்றி எழுதிய பிளேட்டோ விசாரணையின்போது நேரில் இருந்தார். போன முறை ஸ்டோயிக் தத்துவவாதிகளைப் பற்றிப் பேசியபோதும் அரைகுறையாகப் படித்துவிட்டுத்தான் வந்தீர்கள்.

தமிழினி:
அன்று பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பிளேட்டோ சீடர். குருவை உயர்த்தாமல் எழுதுவாரா?

ஏட்டுச்சுவடி:
உயர்த்த நினைத்திருந்தால் சாப்பாட்டையே மறைத்திருப்பார். குற்றவாளியா என்ற வாக்கெடுப்பில் முப்பது வாக்குகள் மாறியிருந்தால் சாக்ரடீஸுக்கு விடுதலை. பெற்ற பிள்ளைகளை நீதிமன்றத்தில் நிறுத்தி அழவைத்துப் பிழைத்தவர்கள் அந்த ஊரில் உண்டு. இவருக்கும் மூன்று மகன்கள். கூட்டி வரமாட்டேன் என்றார். எழுபது வயதில் அந்த நெஞ்சுரம் யாருக்கு வரும்?

வைகைக்கரை:
மரண தண்டனை நிறைவேறிய கடைசி நாளில் அவர் மனைவி சாந்திப்பி கைக்குழந்தையோடு சிறையில் கதறினாள். இவளை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று நண்பர் கிரீட்டோவிடம் சொல்லிவிட்டுத் தத்துவம் பேச உட்கார்ந்தார். அதுவும் நெஞ்சுரமா?

நிலவன்:
கேட்டது சாப்பாட்டைப் பற்றி. மனைவியை ஏன் இழுக்கிறீர்கள்?

வைகைக்கரை:
சாப்பாட்டுக்கு இன்னும் பதில் வரவில்லையே!

ஏட்டுச்சுவடி:
வந்துவிட்டது, உங்களுக்குத்தான் படிக்க மனமில்லை. சிறையிலிருந்து தப்பிக்க எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று கிரீட்டோ ஒருநாள் விடியுமுன் வந்து கெஞ்சினார். எழுந்து போயிருந்தால் உயிர் தப்பியிருக்கும், போகவில்லை. அதையும் வாய்க்கொழுப்பு என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.