வட்ட ஸ்கர்ட்: கணக்கு சரி, இடுப்பு மட்டும் பெரிதாக வருகிறது

நூல்கண்டு:
கடையில் வாங்கிய வட்ட ஸ்கர்ட் ஒன்று வைத்திருக்கிறேன். நடந்தால் அலை அலையாக விழும். அதே மாதிரி தைக்க ஆசைப்பட்டு, காட்டன் பாப்ளினை நான்காக மடித்து முழு வட்டமாக வெட்டினேன். இடுப்பு 76 செ.மீ.; 6.28ஆல் (2π) வகுத்து 12.1 செ.மீ. ஆரம் வைத்தேன். இப்போது இடுப்பு 87 செ.மீ. இருக்கிறது! கீழ் ஓரமும் இரண்டு இடத்தில் இறங்குகிறது. போதாததற்கு, குடை விரித்தது போல விறைத்து நிற்கிறது. பிரிக்காமல் சரிசெய்ய முடியுமா?

கத்தரி:
87 என்று எங்கே அளந்தீர்கள்? வெட்டிய விளிம்பிலா, தையலிலா?

நூல்கண்டு:
தையலில். விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி ஒரு ஓட்டுத் தையல் போட்டிருக்கிறேன். ஜிப்புக்காகப் பின்னால் கீறியதோடு சரி, இன்னும் வைக்கவில்லை.

கத்தரி:
அதுதான் விஷயம். 12.1 என்பது தையல் விழ வேண்டிய இடம். தையலுக்கான துணியை விட்டு, 10.6-இல் வெட்டியிருக்க வேண்டும். இப்போது தையல் 13.6-இல் விழுகிறது, அதாவது சுற்றளவு 85 செ.மீ.க்கு மேல். ஆரத்தில் ஒன்றரை தப்பினால் சுற்றில் ஒன்பதரை போய்விடும். நானும் இப்படி ஒரு ஸ்கர்ட்டைத் தலையணை உறையாக்கியவள்தான். மீதி, கையாளும்போது இழுபட்டது.

அந்த ஒரு வரியை மட்டும் பிரித்துவிடுங்கள், வேறு வழியில்லை. இடுப்புப் பட்டியை விளிம்பிலிருந்து அரை செ.மீ.யில் ஏற்றினால் 6 செ.மீ. குறையும். ஜிப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை மடித்தால் இன்னும் 3. மிஞ்சுவதைப் பட்டிக்குள் பரவலாக அடக்கிவிடலாம். பாப்ளின் நெருக்கமான நெசவு, அரை செ.மீ. தாங்கும். பட்டிக்குள் கேன்வாஸ் (விறைப்புக்கு வைக்கும் உள்துணி) வைக்க மறக்காதீர்கள்.

பழைய மெஷின்:
ஓரம் இறங்குவது உங்கள் தப்பில்லை. வட்டத்தில் நாலு இடம் கிராஸாக, அதாவது துணியின் நூலுக்குச் சாய்வாக வரும், அங்கே துணி தன் எடையிலேயே நீளும். பட்டி ஏற்றி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். அப்புறம் உடுத்திக்கொண்டு, வேறு யாரையாவது தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். மடிப்பு ஒரு செ.மீ. போதும், அகலமாக மடித்தால் வளைவில் சுருங்கிக்கொள்ளும்.

விறைப்புக்குத்தான் மருந்தில்லை. துவைத்தால் கொஞ்சம் தளரும், ஆனால் பாப்ளின் அலையாக விழாது. கடை ஸ்கர்ட்டின் லேபிளைப் பார்த்தீர்களா?

நூல்கண்டு:
பட்டி ஏற்றியாயிற்று, இடுப்பு கச்சிதம்! தொங்கவிட்டதில் ஒரு இடம் 2 செ.மீ. இறங்கியிருந்தது, வெட்டிவிட்டேன். லேபிளில் விஸ்கோஸ் என்று இருக்கிறது. ரேயான் என்பதும் அதுதானா?

பழைய மெஷின்:
ரேயானில் ஒரு வகை. அடுத்ததற்கு அதையே எடுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் துவைத்துவிடுங்கள், நன்றாகவே சுருங்கும். வழுக்கும் துணி என்பதால் நான்காக மடிக்காமல் ஒற்றையாக விரித்து வெட்டுவது நல்லது.